சியோங்சாமா, ஹான்ஃபூவா, குதிரைமுகப் பாவாடையா?

என் அலமாரியின் மேல்தட்டில் 11 வருடமாக ஒரு சியோங்சாம், அதாவது உடம்போடு ஒட்டும் சீனப் பெண்கள் உடை, கிடக்கிறது. மயில்கழுத்து நிறம், நல்ல பட்டு, கழுத்திலிருந்து அக்குள்வரை துணியையே முறுக்கிச் செய்த பொத்தான்கள். தைத்த பெரியவர் என் உடம்பில் 20 இடங்களுக்கு மேல் நாடாவை வைத்து அளந்தார். முழங்கைக்கு மேலே சதை எவ்வளவு என்பதுகூட அவருக்கு வேண்டியிருந்தது. இரண்டு தடவை உடுத்தினேன். மூன்றாம் தடவை எடுத்தபோது இடுப்போடு நின்றுவிட்டது. அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அளவெடுத்த அன்றைக்கு நான் அப்படித்தான் இருந்தேன்.

அந்த அனுபவம் இருந்ததால், அண்ணன் மகள் கேட்டபோது பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

"அத்தை, அக்டோபர்ல குவாங்சோவுல ஃபிரெண்டு கல்யாணம். ரெண்டு நாள் கழிச்சு எல்லாரும் சியான் போறோம். சைனீஸ் டிரெஸ் ஒண்ணு வாங்கணும். இதுல எது?"

கூடவே டாவ்பாவ் என்ற சீன இணையக் கடையிலிருந்து 6 படங்கள். ஒன்று சிவப்புச் சாட்டின் சியோங்சாம். இன்னொன்று தேவலோகத்திலிருந்து இறங்கியதுபோல், மார்புக்கு மேலே கட்டும் மெல்லிய ஷிஃபான் பாவாடை. மூன்றாவது, கெட்டித் தங்கக்கரை போட்ட மடிப்புப் பாவாடை. மற்ற மூன்றும் என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. சிங்கப்பூரில் பிறந்து, சீனத் தோழிகளோடு படித்து, ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் யாராவது ஒருத்தி வீட்டில் ஆரஞ்சு கொடுத்து வாங்கி வந்தவள். அவளுக்கே இந்தக் குழப்பம் என்றால் முதல்முறை சீனா போகிறவர்களைச் சொல்லவே வேண்டாம்.

நான் திருப்பி ஒன்று கேட்டேன். "அந்த உடுப்புல அங்க ஏற்கெனவே யாரு நிக்கிறாங்கன்னு யோசிச்சியா?"

நம் ஊர்க் கல்யாண மண்டப வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறப் புடவை, ஒரே மாதிரி மல்லிகைப்பூ, கையில் பன்னீர்ச் செம்பு என்று நாலு பெண்கள் நிற்பார்கள். வரவேற்புக்காக ஏஜென்சியிலிருந்து வந்தவர்கள். தற்செயலாக அதே நிறப் புடவையில் ஒரு விருந்தாளி அவர்கள் பக்கத்தில் போய் நின்றால் என்ன ஆகும்? புடவையில் தவறில்லை. நின்ற இடம்தான் வம்பு.

சீனாவில் சிவப்புச் சாட்டின் சியோங்சாமின் நிலைமை ஏறக்குறைய அதுதான். கொஞ்சம் பெரிய உணவகங்கள் பலவற்றின் வாசலில் இரண்டு பெண்கள் கணுக்கால்வரை சியோங்சாம் உடுத்தி நின்று, வருகிறவர்களை மேசைக்கு அழைத்துப்போவார்கள். பரிசளிப்பு விழாவில் தட்டு ஏந்தி வருகிறவர்களுக்கும் அதே உடை. கல்யாண விருந்து நடப்பதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட உணவகத்தில்தான். மலிவுச் சாட்டினில் போய் நின்றால் யாராவது ஒரு தாத்தா அவளிடம் 12ஆம் மேசை எங்கே என்று கேட்பார். தவிரவும் சிவப்பு மணப்பெண்ணின் நிறம்; விருந்தாளி தலைமுதல் கால்வரை சிவப்பில் போவது நாகரிகமில்லை. அந்தப் படத்தை உடனே நீக்கச் சொன்னேன்.

அதற்காகச் சியோங்சாமையே ஒதுக்கிவிடச் சொல்லமாட்டேன். எனக்குச் சரியாக அமையாத உடை என்றாலும் அதன்மேல் மரியாதை உண்டு. மாண்டரினில் அதைச் சீப்பாவ் என்பார்கள். சீ என்றால் கொடி, பாவ் என்றால் அங்கி. மஞ்சு இனத்தார் எட்டுக் கொடிகளின் கீழ் படைப்பிரிவுகளாக இருந்தவர்கள். 1644இல் பெய்ஜிங்கைப் பிடித்துச் சிங் வம்ச ஆட்சியை நிறுவினார்கள். 'கொடிக்காரர் அங்கி' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. சியோங்சாம் கண்டனீயச் சொல். 'நீளச் சட்டை', அவ்வளவுதான் பொருள்.

ஆனால் நாம் இன்று பார்க்கும் வடிவம் மஞ்சு அரண்மனையில் உண்டானதல்ல. முடியாட்சி 1912இல் முடிந்தபின், 1920களில் ஷாங்காய் போன்ற நகரங்களில் படித்த பெண்கள், அதுவரை பெரும்பான்மை ஹான் இனத்தில் ஆண்களுக்கே உரியதாயிருந்த நீள அங்கியைத் தாங்களும் உடுத்தத் தொடங்கினார்கள். ஆணுக்குச் சமம் என்று காட்டவே அப்படிச் செய்தார்கள் என்பார்கள். அப்போது அது தொளதொளவென்று மணிபோல் தொங்கியது. 1929இல் குடியரசு அரசு அதைப் பெண்களின் முறைப்படியான உடைகளில் ஒன்றாக விதியில் எழுதியது. 1930களில் மேலைநாட்டு வெட்டு புகுந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. 1943 பிப்ரவரியில் அன்றைய சீனத் தலைவர் சியாங் கை ஷெக்கின் மனைவி சூங் மெய்லிங் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசியது கருப்புச் சியோங்சாமில். 24 வருடம் கழித்து, 1967 ஏப்ரலில், பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில், மாவோவின் கலாசாரப் புரட்சி இளைஞர் படையான செங்காவலர்கள் அதிபர் லியூ ஷாவ்ச்சியின் மனைவி வாங் குவாங்மெய்க்கு வலுக்கட்டாயமாக அதே உடையைப் போட்டு, முத்துமாலைக்குப் பதில் பிங்பாங் பந்துகளைக் கோத்துக் கழுத்தில் மாட்டி, கூட்டத்தின் முன் நிறுத்தினார்கள். வெளிநாட்டுப் பயணத்தில் அவர் சியோங்சாம் உடுத்தியது குற்றமாம். அந்த வருடங்களில் பெருநிலத்தில் மறைந்துபோன தையல் நுணுக்கத்தைக் காப்பாற்றியது ஹாங்காங். அங்கே குடியேறிய ஷாங்காய்த் தையல்காரர்களும் அவர்களிடம் தொழில் கற்றவர்களும் விடாமல் வைத்திருந்தார்கள். 2021இல் ஹாங்காங் சியோங்சாம் தையற்கலை சீனாவின் தேசிய மரபுக்கலைப் பட்டியலில் சேர்ந்தது.

ஆக, ஆயிரம் வருடத்துப் பழமை என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். இப்போதைய வடிவத்துக்கு வயது ஏறக்குறைய 100.

வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது, இதில் இரண்டு வெட்டு உண்டு என்பது. பழைய வெட்டில் தோளில் தையல் கிடையாது. உடலும் கையும் ஒரே துணியில் வரும், இடுப்பில் பிடிப்புத் தையலும் இருக்காது. கையைத் தொங்கவிட்டால் அக்குளில் துணி சுருங்கி மடியும். அதை அசிங்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த மடிப்புதான் அழகு. புதிய வெட்டில் கை தனியாகப் பொருத்தப்படும், மார்பிலும் இடுப்பிலும் பிடித்துத் தைப்பார்கள், பக்கத்திலோ முதுகிலோ ஜிப். படத்தில் பார்க்க இதுதான் எடுப்பு. உட்கார்ந்தால் தெரியும் சேதி. கண்டனீயக் கல்யாண விருந்து என்றால் தீயில் வாட்டிய பன்றிக்குட்டியில் தொடங்கி, சூப், கோழி, முழு மீன் என்று வரிசையாக வந்து, சாதமும் நூடுல்ஸும் முடிந்து, இனிப்புச் சூப்பில்தான் நிற்கும். ஐந்தாவது தட்டிலேயே என் மயில்கழுத்துப் பட்டு என்னை எச்சரித்தது. பழைய வெட்டாக இருந்திருந்தால் அந்த உடை இன்றும் எனக்கு ஏறியிருக்கும்.

குவாங்சோவில் அக்டோபர் தொடக்கம் இன்னும் வெயில் காலம்தான். வியர்வை ஒட்டும். சியோங்சாமே தைப்பதென்று முடிவெடுத்தால் அந்தப் பக்கத்து ஷியாங்யுன்ஷா துணியைப் பார்க்கச் சொல்வேன். ஷுன்டே வட்டாரத்தில் செய்வது. மெல்லிய பட்டை ஒருவகைக் காட்டுக்கிழங்கின் சாற்றில் பலமுறை தோய்த்து வெயிலில் காயவைத்து, ஆற்றுச் சேற்றை ஒரு பக்கம் மட்டும் பூசுவார்கள். சேற்றில் இருக்கும் இரும்பும் கிழங்கின் துவர்ப்பும் சேர்ந்து அந்தப் பக்கம் கருப்பாகும். மறுபக்கம் மரப்பட்டைப் பழுப்பாகவே இருக்கும். உடம்பில் ஒட்டாது, போடப்போட மிருதுவாகும். பார்க்க ஏதோ பழைய தோல்போல இருப்பதால் இளம்பெண்கள் முகம் சுளிப்பார்கள். என் அண்ணன் மகளும் சுளித்தாள். "அத்தை, இது பாட்டி கலர்." கருப்பு நிறத்தைக் கல்யாணத்துக்குக் கட்டிப்போவதும் சரியில்லை என்பதால் வற்புறுத்தவில்லை.

அடுத்தது அந்தத் தேவலோகப் பாவாடை. ஹான்ஃபூ என்று தேடினால் 2,000 வருடத்து உடைகளை ஒரே கூடையில் கொட்டிவிடுவார்கள். ஹான் இன மக்கள் மஞ்சு ஆட்சிக்கு முன் உடுத்தியவை என்பதுதான் இன்று அந்தச் சொல்லின் பொருள். 1645இல் புதிய ஆட்சி எல்லா ஆண்களும் முன்தலையை மழித்துப் பின்னல் போட வேண்டும், மஞ்சு உடைக்கு மாற வேண்டும் என்று ஆணையிட்டது. மறுத்தவர்கள் தலை போனது. பெண்களை அவ்வளவாகக் கட்டாயப்படுத்தவில்லை. 'ஆண் பணிவான், பெண் பணியமாட்டாள்' என்றே ஒரு வழக்கு உண்டு. ஹான் ஆண்களின் உடை அன்றோடு அறுந்துபோக, பெண்களின் மேற்சட்டையும் பாவாடையும் மட்டும் மாறிமாறி 20ஆம் நூற்றாண்டுவரை வந்தன. கடைசியில் அந்தத் தங்கக்கரைப் பாவாடைக்கு வரும்போது இது உதவும்.

அறுந்த நூலை மறுபடி எடுத்தவர்கள் இணைய தலைமுறைக்காரர்கள். 2003 நவம்பர் 22 அன்று ஹெனான் மாநிலத்து ஜெங்ஜோ நகரத் தெருவில் வாங் லெதியான் என்ற மின்துறை ஊழியர் பழங்கால அங்கி உடுத்தி நடந்தார். அதைச் செய்தியாக்கி உலகறியச் செய்தது நம் சிங்கப்பூரின் லியென்ஹ சாவ்பாவ் நாளிதழ். ஹான்ஃபூ இயக்கத்தின் தொடக்கம் என்று அந்த நாளைத்தான் குறிப்பார்கள். இருபத்துச் சொச்சம் வருடத்தில் அது பெரிய வியாபாரமாகவும் ஒரு தனி உலகமாகவும் ஆகிவிட்டது. அந்த உலகத்தில் ஒருவரையொருவர் 'தோங்பாவ்' என்பார்கள், ஒரே அங்கியைப் பகிர்ந்தவர் என்று பொருள். வெட்டு சரியில்லாத போலி உடைக்கு 'ஷான்', அதாவது மலை, என்று பெயர். போலி உடுத்துகிறவர் 'ச்சுவான்ஷான்ஜியா'. அது எறும்புத்தின்னியின் பெயர். 'மலையைத் துளைப்பது' என்பதும் 'போலியை உடுத்துவது' என்பதும் ஒரே ஒலி. அடுத்தவர் உடையின் வெட்டைத் தெருவிலேயே நிறுத்திக் குறைசொல்கிறவர்களுக்கு 'ஹான்ஃபூ போலீஸ்'. நம் ஊரில் மடிசார் மடிப்பு தப்பினால் பக்கத்து வீட்டுப் பாட்டி கையோடு பிடித்துச் சரிசெய்வார் இல்லையா, அதே குணம், கொஞ்சம் கடுப்போடு.

அவர்களில் ஒரு சாரார் சியோங்சாமை மஞ்சு உடை என்று ஒதுக்குவதும், ஹான் பெருமையை அதிகமாகவே பேசுவதும் உண்டு. எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை. ஆனால் அவர்கள் விடாப்பிடியாகக் கல்லறைத் தோண்டல்களையும் அருங்காட்சியகத் துணிகளையும் பார்த்து வெட்டைச் சரியாக்கியதால்தான் இன்று கடையில் நல்ல பாவாடை கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு விதியை மட்டும் எவரும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். குறுக்கே மடியும் கழுத்துள்ள உடை என்றால் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேலே வர வேண்டும். மாற்றிப் போட்டால் பிணத்துக்குப் போடும் முறை. கன்ஃபூசியஸ் காலத்தில் இடப்பக்கம் முடிவது காட்டுமிராண்டிகளின் அடையாளம்; குவான் சோங் என்ற அமைச்சர் இல்லாதிருந்தால் நாமும் தலைவிரிகோலமாய் இடப்பக்கம் முடிந்துகொண்டு திரிந்திருப்போம் என்று கன்ஃபூசியஸே சொல்லியிருக்கிறார். வலது கை சட்டையின் முன்பக்கத்துக்குள் நுழைந்தால் சரி என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். கண்ணாடிபோல் திருப்பிக் காட்டும் செல்ஃபியைப் பதிவேற்றி, சரியாகக் கட்டியிருந்தும் திட்டு வாங்கிய பெண்கள் ஏராளம்.

வரலாற்றை விட்டு உடுத்துகிறவள் பார்வைக்கு வந்தால் மூன்று வம்சங்கள்தான் கணக்கு.

தாங், 618 முதல் 907வரை. அவள் அனுப்பிய ஷிஃபான் பாவாடை அந்தக் காலத்துச் சாயலில் செய்தது. மார்புக்கு மேலே நாடாவால் கட்டுவார்கள். ஓவியத்தில் பார்க்கக் கொள்ளை அழகு. உடுத்தி நடந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நழுவும். ஒரு கையால் அதை இழுத்துக்கொண்டே மறுகையால் கைபேசியைப் பிடிக்க வேண்டும். சீனப் பொதுக் கழிப்பறைகளில் பல குந்தும் வகை. நிலம் தொடும் நாலு அடுக்கு ஷிஃபானோடு அங்கே என்ன செய்வது என்பதை அவரவர் கற்பனைக்கு விடுகிறேன். கல்யாணத்துக்கு இது வேண்டவே வேண்டாம், மணப்பெண்ணைவிட அதிகம் தெரிவாய் என்றேன். ஆனால் சியான் வேறு விஷயம். அந்த நகரம்தான் தாங் தலைநகரான சாங்ஆன். அங்கே 'தாதாங் புயெச்செங்' என்ற விளக்கு வீதியில் மாலையானால் தாங் இளவரசிகள் கூட்டம்கூட்டமாக நடக்கிறார்கள், எல்லாம் வாடகை உடை. கடையில் உடை, ஒப்பனை, பொய்முடி, கொண்டை ஊசி எல்லாம் சேர்த்துச் சில நூறு யுவானில் முடியும். வாங்கினால் பெட்டியில் அடைபடும், வாடகைக்கு எடுத்தால் ராத்திரி திருப்பிக் கொடுத்துவிடலாம். எனவே இது வாடகைக்குத்தான்.

சோங், 960 முதல் 1279வரை. முன்பக்கம் திறந்த நீள மேலங்கி, உள்ளே ஒரு சின்னச் சட்டை, கீழே மடிப்புப் பாவாடை அல்லது தொளதொளக் கால்சட்டை. அடக்கமாக, காற்றோட்டமாக இருக்கும். 1975இல் ஃபூஜோவில் ஹுவாங் ஷெங் என்ற இளம்பெண்ணின் கல்லறையில் இப்படிப்பட்ட மெல்லிய பட்டு உடைகள் குவியலாகக் கிடைத்தன. பருவத்துக்கு மிகப் பொருத்தம் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு நைட்டிமாதிரி தெரிந்தது. விட்டுவிட்டேன்.

மிங், 1368 முதல் 1644வரை. அந்தத் தங்கக்கரைப் பாவாடை இங்கே வருகிறது. பெயர் மாமியென்ச்சுன். மாமியாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மா என்றால் குதிரை, மியென் என்றால் முகம். முன்னும் பின்னும் தட்டையாக நீண்டு இறங்கும் பட்டையைக் குதிரையின் முகம் என்கிறார்கள். மிங் காலத்தில் பரவிச் சிங் காலம் முழுவதும் நிலைத்த பாவாடை இது. மேலே சொன்னேனே, பெண்கள் பணியவில்லை என்று, அதற்குச் சாட்சி.

அமைப்பு மிக எளிது. இரண்டு துண்டுத் துணி. ஒவ்வொன்றின் இரு ஓரங்களும் தட்டை, நடுவில் மடிப்பு. இரண்டையும் ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒரே இடுப்புப்பட்டையில் தைத்திருக்கும். இடுப்பைச் சுற்றி நாடாவால் முடிய வேண்டியதுதான். வேட்டியும் புடவையும் பழகிய நமக்கு அரை நிமிடம் போதும். இடுப்பு இரண்டு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் அதே பாவாடை. என் மயில்கழுத்துக் கதை இதில் நடக்காது. மரபில் பட்டை வெள்ளைப் பருத்தி. தலை நரைக்கும்வரை தம்பதி சேர்ந்திருக்க வேண்டும் என்ற வாழ்த்து அதில் உண்டு என்பார்கள்; வழுக்கும் பட்டு இடுப்பில் நிற்காது, பருத்தி பிடித்துக்கொள்ளும் என்பது என் கட்சி. நடக்கும்போது ஓரங்கள் விலகி மடிப்பு விரியும். படி ஏறலாம், பேருந்து பிடிக்கலாம், குந்தலாம்.

2022 ஜூலையில் டியோர் நிறுவனம் ஏறக்குறைய இதே அமைப்பில் ஒரு பாவாடையை 29,000 யுவானுக்கு விற்க, பாரிஸ் ஷான்செலிசே வீதிக் கடை வாசலில் சீன மாணவர்கள் எங்கள் மரபைத் திருடாதே என்று பதாகை பிடித்தார்கள். இது நம் உடை என்று சொன்ன பலரும் அதன் பெயரையே அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள் போலும். அதற்குப்பின் ஷான்டோங் மாநிலத்துச் சாவ்சியன் மாவட்டத்தில் தறிகளும் தையல் எந்திரங்களும் ஓயவில்லை. மேடை உடைகள் தைத்துப் பழகிய மாவட்டம், ஹான்ஃபூவுக்கு மாறி, 2024 வசந்த விழா சமயத்தில் இந்தப் பாவாடையால் ஊரே மூச்சுத் திணறியது. ஜப்பானுக்குச் சவப்பெட்டி செய்து அனுப்புவதும் இதே மாவட்டம்தான். கல்யாண உடைக் கட்டுரையில் சொல்லக்கூடாது, வாயில் வந்துவிட்டது.

இந்தப் பாவாடையில் அங்கே ஏற்கெனவே யார் நிற்கிறார்கள்? மெட்ரோவில் வெள்ளைச் சட்டையோடு அலுவலகம் போகிறவள், பிள்ளையின் பள்ளி விழாவுக்கு வந்த அம்மா, புத்தாண்டுக்குச் சொந்த ஊர் வந்த அக்கா. வேஷம் என்று யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். குறுக்குக் கழுத்து அங்கியோடு போனால் கிமோனோ என்று தவறாக எண்ணப்படும் ஆபத்தும் ஒன்று உண்டு. 2010 அக்டோபரில் செங்டூவில் ஜப்பான் எதிர்ப்பு ஊர்வலம் நடந்த நாளில், ஹான்ஃபூ உடுத்தியிருந்த ஒரு பெண்ணைக் கிமோனோக்காரி என்று கூட்டம் சூழ்ந்து, உடையைக் கழற்றவைத்துக் கொளுத்தியது. இன்று ஹான்ஃபூவை எல்லோருக்கும் தெரியும், அப்படி நடப்பது கடினம். இருந்தாலும் சாதாரணச் சட்டையோடு இந்தப் பாவாடையைக் கட்டினால் அந்தக் கேள்வியே எழாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான். கரை நெய்ததா, அச்சடித்ததா? பட்டுப்புடவை வாங்கப்போகிற அம்மாக்கள் செய்வதுபோல் துணியைத் திருப்பினால் தெரிந்துவிடும். பின்பக்கம் இழை ஓடியிருந்தால் நெய்தது. வெறும் வெள்ளையாக இருந்தால் அச்சு. இணையத்தில் திருப்பிப் பார்க்க முடியாதே என்றால், விற்கிறவரிடம் பின்பக்கப் படம் கேட்கலாம். கொடுக்காத கடையை விட்டுவிடலாம். சாதாரண எந்திர நெசவு சில நூறு யுவானுக்குள் கிடைக்கிறது. ஹாங்காங்கில் அளவெடுத்துத் தைக்கும் சியோங்சாமுக்குப் பல ஆயிரம் ஹாங்காங் டாலர் ஆகும்.

ஆண்களைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் தம்பியும் கூடப் போனான். தாங்ஜுவாங் கேட்டான், நேர்க்கழுத்தும் முடிச்சுப் பொத்தானும் வைத்த பட்டுக் கோட்டு. பெயரில் தாங் இருந்தாலும் அந்த வம்சத்துக்கும் அதற்கும் உறவில்லை. வெளிநாட்டுச் சீனர்கள் தங்களைத் 'தாங் மக்கள்' என்று சொல்லிக்கொள்வதால் வந்த பெயர். மஞ்சுக் குதிரைவீரர்களின் மேற்சட்டைதான் அதன் மூலம். 2001 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த ஆசிய-பசிபிக் நாடுகளின் ஏபெக் மாநாட்டில் தலைவர்கள் எல்லோரும் அதைப் போட்டு நின்றபிறகு ஊரெல்லாம் பரவியது. இன்று அதில் ஏற்கெனவே நிற்பவர்கள் தாத்தாக்களும் தற்காப்புக்கலை ஆசான்களும். நீள அங்கி போட்டாலோ, மேடையில் நகைச்சுவை உரையாடல் நடத்தும் ஷியாங்ஷெங் கலைஞர் என்று நினைப்பார்கள். நாலு பை வைத்த சோங்ஷான் கோட்டு, சீனக் குடியரசை நிறுவிய சுன் யாட் சென் பெயரால் வந்தது, கம்பீரமானது, ஆனால் 24 வயதுப் பையனுக்கு அரசாங்கக் கனம். நேர்க்கழுத்து லினன் சட்டை போதும் என்றேன். அவனுக்கு அதில் வருத்தம்.

மணப்பெண்ணின் உடைகளைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. தங்க, வெள்ளி இழையில் டிராகனும் ஃபீனிக்ஸும் பூவேலை செய்த கண்டனீயக் குன்குவா மணப்பெண்ணுக்கு மட்டும், விருந்தாளி ஆசைப்படக்கூடாது.

எனக்கே ஒரு வாய்ப்புக் கிடைத்தால் இவை எதையும் தேர்ந்தெடுக்கமாட்டேன். ஃபூஜியான் கடற்கரையில் சுவான்ஜோவுக்குப் போவேன். 1281இல் தமிழ்க் கல்வெட்டு வெட்டிவைத்துச் சிவனுக்குக் கோயில் எடுத்த நம் வணிகர்கள் வாழ்ந்த துறைமுகம் அது. அங்கே ஷுன்பூ என்ற மீனவர் குப்பத்துப் பெண்கள் கொண்டையைச் சுற்றி வட்டவட்டமாக நிஜப் பூச்சரம் சூடுகிறார்கள், அதில் மல்லிகை மொட்டும் உண்டு. பக்கவாட்டில் பொத்தான் வைத்த மேற்சட்டை, அகலக் கால்சட்டை, பின்னால் சிப்பி பதித்த சுவர்கள். 2023 தொடங்கி சீனாவின் பல மூலைகளிலிருந்தும் பெண்கள் அங்கே வந்து பூ வைத்துக்கொண்டு போகிறார்கள். இந்த ஜென்மத்தில் பூச்சூடினால் அடுத்த ஜென்மத்தில் அழகு என்று ஒரு பேச்சு. தலையில் பூ வைப்பதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அவள் பயணத்தில் அந்த ஊர் இல்லை.

வேறு இனத்தார் உடுத்தலாமா என்று அவள் தயங்கியதையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் அமெரிக்காவில் ஒரு பள்ளி மாணவி விருந்துக்குச் சியோங்சாம் உடுத்தியதற்கு அங்கே பெரிய சண்டை. சீனாவில் இருந்தவர்கள் பலர் நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். என் அனுபவமும் அதுதான். மரியாதையோடு கட்டினால் சந்தோஷப்படுவார்கள், நாடா தவறாக முடிந்திருந்தால் கேட்காமலே இழுத்துக் கட்டிவிடுவார்கள்.

கடைசியில் கரும்பச்சையில் தங்கக்கரை போட்ட குதிரைமுகப் பாவாடை ஒன்று வாங்கினாள். மேலே தந்த நிறத்தில் நேர்க்கழுத்துச் சட்டை. மடிப்பு கலையாமல் எடுத்துப்போக, மடிப்போடு மடிப்பாகச் சேர்த்துச் சுருட்டி, பழைய நைலான் காலுறைக்குள் நுழைத்துக்கொண்டாள். அந்த வித்தை அங்குள்ள பெண்களிடமிருந்து வந்தது. விருந்தில் ஒன்பது தட்டும் சாப்பிட்டதாகச் செய்தி அனுப்பினாள். சியானில் வாடகைக் கடையில் பொய்முடிக்கும் கொண்டை ஊசிக்கும் தனிக்காசு என்று கடைசி நேரத்தில் சொன்னார்களாம். தேசிய தின விடுமுறை வாரம், வாக்குவாதம் பண்ண நேரமில்லை, கொடுத்துவிட்டாள். விளக்கு வீதியில் எடுத்த படம் வந்தது. ஷிஃபானில் அவள் சிரிக்கிறாள்; பின்னால் அதே நிறம், அதே கொண்டையில் எண்ண முடியாத கூட்டம்.

"அத்தை, இங்க ஏற்கெனவே நாப்பது பேர் நிக்கிறாங்க."

தீபாவளியன்று அந்தப் பச்சைப் பாவாடையை என் பழைய பட்டு ரவிக்கையோடு கட்டிக்கொண்டு சிராங்கூன் சாலைக் கோயிலுக்கு வந்தாள். பிரசாத வரிசையில் பின்னால் நின்ற ஓர் அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து, கரையை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பி, பின்பக்கத்து இழையைத் தடவினார்.

"நல்ல நெசவும்மா. காஞ்சிபுரமா?"

"இல்ல ஆன்ட்டி, சாவ்சியன்."